ஆக்குளம் பாலத்தில் எந்தச் சாமி?

மலையாள மிதுனம் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணியெல்லாம் ஹாலுக்குள் கொடியில். ஈர வேஷ்டியை விலக்கிக்கொண்டுதான் டி.வி.யைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கரண்ட் போவதும் வருவதுமாக.

இன்றைய வேலை: கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு, மாசக் கடைசிக்குள். சமூகம் என்கிற எங்கள் தெருச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நான் எழுதும் ஹாஸ்ய நாடகம், இரண்டாம் காட்சி. பல் டாக்டர். மூன்றும் நடக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சசி நனைந்துகொண்டே வந்தான். காபி குடித்தான், தட்டிலிருந்த முறுக்கு முழுவதையும் தின்றான், துண்டு வாங்கித் தலை துவட்டினான். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான்.

"சாமி, மேடத்தோட மார்க் மோசமாணு, கேட்டோ."

மேடம் என்பது என் மனைவி கோமதி. கார் என் பேரில், ஓட்டுவது அவள். வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து ஊர்க் கோடியிலுள்ள கழக்கூட்டம் வரை. அங்கே சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சம்பளப் பிரிவு. எனக்கும் லைசன்ஸ் உண்டு. டெஸ்ட் மைதானத்தில் கம்பிகளுக்கு நடுவே வண்டியால் எச் எழுத்துப் போட்டுக் காட்டிப் பாஸ் ஆனவன். அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டு மதில். அன்றோடு ஸ்டியரிங்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து பத்திரங்களை மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். அதில் யார் மீதும் மோதுவதற்கில்லை.

மார்க் என்பது இது. போன வருஷம் சசி பேச்சைக் கேட்டு, ஓட்டும் லட்சணத்தைப் பொறுத்துப் பிரீமியம் என்கிற பாலிசிக்கு மாறினோம். கம்பெனியே ஒரு குட்டிக் காமிராவைக் கொண்டுவந்து முன் கண்ணாடியில் ஒட்டியது. அது ரோட்டையும் பார்க்கும், ஓட்டுகிறவர் மூஞ்சியையும் பார்க்கும். வேகமாகப் போனால் மார்க் குறைப்பு. சடன் பிரேக், குறைப்பு. போனைத் தொட்டால் குறைப்பு. கண் மூடினால் பீப் பீப் என்று கத்திவிட்டுக் குறைப்பு. எல்லாம் என் போனில் ஆப்பில் வந்து விழும். மார்க் ஏறினால் பிரீமியம் இறங்கும், மார்க் இறங்கினால் பிரீமியம் ஏறும். மாமியார் மெச்சும்படி வண்டி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"தினம் தினம் கண்ணு மூடறதா காட்டுது சாமி. காலையிலே ஆபீஸ் போற நேரத்துல யாரெங்கிலும் உறங்குவாளா?"

மேப்பைத் திறந்து பார்த்தேன். சிவப்புப் புள்ளிகள் கொத்தாக எங்கே? பழவங்காடியில்! பிள்ளையார் கோயில் வாசலில்!

சிரித்த சிரிப்பில் சசி பயந்துவிட்டான். கோமதி நேர் ரோட்டில் போக மாட்டாள். பழவங்காடியைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். கோயில் முன்னால் வண்டியை ஊர விட்டு, இரண்டு கையையும் எடுத்து நெற்றியில் குட்டிக்கொண்டு, கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ ஒரு மனு. இந்த ஊரில் பஸ் டிரைவரிலிருந்து ஆட்டோக்காரர் வரை செய்கிற காரியம். காமிரா எந்த தேசத்திலோ பிறந்தது, பிள்ளையாரைத் தெரியவில்லை. தூங்குகிறாள் என்று எழுதிவிட்டது.

"ஒரு மெயில் அயச்சா போதும்" என்றான் சசி. "சாமிக்குத்தான் நல்லா எழுத வருமே."

வேண்டாம் என்றா சொல்வேன்.

மிதுனம் 3, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. அவியலில் உப்பு இல்லை. சொல்லவில்லை, தைரியம் இல்லை.

காலை முழுக்க கம்பெனிக்குக் கடிதம். இங்கிலீஷில்தான். சாரம் இங்கே, பிற்காலத்தில் நானே படித்து மகிழ:

'தாங்கள் பொருத்தியுள்ள காமிரா மிகுந்த விசுவாசத்துடன் பணியாற்றுகிறது. ஆனால் அதற்கு விநாயகரை அறிமுகம் செய்து வைக்கத் தாங்கள் தவறிவிட்டீர்கள். குட்டிக்கொள்வதற்குக் கைகள் இரண்டும் தேவை. கண்ணைத் திறந்துகொண்டு யாரும் குட்டிக்கொள்வதில்லை. அந்தச் சமயம் ஓட்டுநர் தூங்கவில்லை. விபத்து எதுவும் நேராதிருக்கப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். அதனால் லாபம் தங்களுக்கே.'

சாயங்காலம் கோமதி வந்ததும் வாசித்துக் காட்டினேன். ஏற்ற இறக்கத்தோடு.

"நன்னா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். வழக்கமாக இரண்டு இலக்கணப் பிழையாவது பிடிப்பாள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், ஆடை படிகிற வரை. கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. புது மையா என்று கேட்டேன். முறைத்தாள்.

கடிதம் போயாயிற்று. நாடகம் இரண்டாம் காட்சி அப்படியே.

மிதுனம் 4, புதன்

வெயில். துணி மொட்டை மாடிக்கு, பத்தே நிமிஷத்தில் மறுபடி கீழே.

ஆப்பை முன்னெல்லாம் எப்போதாவதுதான் பார்ப்பேன். இப்போது கோமதியின் வக்கீல் ஆகிவிட்டதால் கேஸ் கட்டைப் படிக்க வேண்டாமா? காலையிலிருந்து அதே வேலை. போனில் ஒரு சின்ன நீலக் கார் ஊர்ந்து போகிறது. பழவங்காடி. ஈஞ்சக்கல். பைபாஸ். சாக்கை. பெண்டாட்டி வெளியே போனால் எங்கே போகிறாள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிற சுகம், கூச்சமாகத்தான் இருக்கிறது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

கண்டுபிடித்தவை:

சாக்கையில் வடைக் கடை அருகே நிறுத்தம். டயட் என்று எனக்குத்தான் ஓட்ஸ் கஞ்சி!

பின்வீட்டு அஞ்சுவை அவள் ஆபீஸ் கேட்டில் இறக்கி விடுவது. அஞ்சு தினமும் கோமதியோடு அதே வண்டியில் போகிறவள், அதே வளாகத்தில் வேறு கம்பெனி.

அப்புறம் கார் பார்க்கில் எஞ்சினை அணைக்காமல் வெகு நேரம் நிறுத்தி வைத்திருப்பது. இன்று மட்டும் இல்லை, போன வாரம் முழுக்க. அதற்கும் மார்க் குறைத்திருக்கிறார்கள்.

ஏ.சி. ஓடுகிற காருக்குள் தினமும் அரை மணி. யாரோடு?

என் புத்தி எங்கே போகும்? அங்கேதான் போயிற்று. இந்த வயசில் எவன்? தலையில் முடி இருக்குமா? மத்தியானம் சாதம் இறங்கவில்லை. மூன்றாம் முறை போட்டுக்கொள்ளும்போது இறங்கியது.

ராத்திரி சாப்பாட்டின்போது, சும்மா கேட்பதுபோல்: "கார் பார்க்கிலே யாரு?"

"யாரு? செக்யூரிட்டி."

"அவன் கார்லே ஏறிண்டு பேசுவானா?"

கோமதி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன, என்னை வேவு பாக்கறேளா?"

"இன்ஷூரன்ஸ் கம்பெனி பாக்கறது. நான் கூடமாட ஒத்தாசை."

சிரிக்கவில்லை. நானும் ரசத்தில் கவனம் செலுத்தினேன்.

மிதுனம் 5, வியாழன்

வெற்றி! வெற்றி! கம்பெனியிடமிருந்து பதில். புகாரைப் பரிசீலித்தார்களாம். கண் மூடல் சம்பந்தமாகக் குறைத்த மார்க் எல்லாம் திரும்ப. இனி இந்த வண்டிக்கு அந்த எச்சரிக்கை நிறுத்தம், பீப் உட்பட. சசி போனில்: "சாமி, நீங்க கணபதியையே ஜயிக்க வெச்சாச்சு!"

தெருவில் ஒருவர் விடாமல் சொன்னேன். சமூகக் காரியதரிசி கடிதத்தை விழாவில் வாசிக்கச் சொல்கிறார். சரி என்றேன். இரண்டாம் தடவை கேட்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

கோமதி செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"இனிமே அது கத்தாதா?"

"கத்தாது."

"காலம்பரலேர்ந்து சத்தமே இல்லையேன்னு பாத்தேன்" என்றாள். அது சந்தோஷமா வேறென்னவா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வெற்றியை இன்னொரு தரம் ரசிக்கலாம் என்று ரத்தான புள்ளிகளையெல்லாம் வரிசையாகப் பார்த்தேன். பழவங்காடி, பழவங்காடி, பழவங்காடி. ஆக்குளம். பழவங்காடி. ஆக்குளம். குளத்தூர். ஆக்குளம்.

விரலால் பெரிதாக்கினேன். புள்ளி ஆக்குளம் பாலத்தின் மேலே. நட்ட நடுவில். இரண்டு பக்கமும் காயல் தண்ணீர்.

"கோமு, ஆக்குளத்திலே எதுக்குக் கண்ணை மூடினே?"

"சாமி கும்பிட்டிருப்பேன்."

"பாலத்து மேலே எந்தச் சாமி?"

"உங்களுக்கு எல்லா சாமியும் தெரியுமோ?" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.

கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. பதில் அதைவிட.

மிதுனம் 7, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இருந்தது. நாள் முழுக்க நீலக் கார் ஆக்குளம் தாண்டுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். தாண்டியது. போகும்போதும் வரும்போதும்.

இன்று அவளுக்கு லீவு. பல் வலி என்று கிளம்பி பஸ் பிடித்து ஆக்குளம் போனேன். பாலத்தில் குடையோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். சிமென்ட் கைப்பிடி, கீழே ஆகாயத்தாமரை, ஒரு நகைக்கடை விளம்பரம். அதிலிருக்கிற பெண் கும்பிடுகிறாள், அவளை யாரும் கும்பிட மாட்டார்கள். லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. நின்றிருந்த மீன்காரர் கேட்டார்: "எந்தா சாமி, எந்தெங்கிலும் களஞ்ஞு போயோ?"

ஏதாவது தொலைந்துவிட்டதா என்கிறார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அஞ்சு இடியாப்பப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கோமதி கோயிலில். உள்ளே வரச் சொல்லிக் கேட்டேன்.

"மாமி வண்டியிலே தூங்கறாளா?"

முகம் மாறிவிட்டது. "மாமா, நான் சொன்னதா பறயாதீங்கோ."

"சொல்லு."

"பைபாஸ் ஏறினா மாமிக்குக் கண்ணு சொருகும். நான் வேணும்னே ஜன்னலை இறக்குவேன், சாரல் மூஞ்சியிலே அடிக்கட்டும்னு. பாட்டு வைப்பேன். சும்மா சும்மா ஏதாவது கேப்பேன். கண்ணு மூடினா அந்த மெஷின் பீப் அடிக்கும், மாமி தூக்கிவாரிப் போட்டு முழிச்சுப்பா." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு: "வியாழக்கிழமையிலேர்ந்து அது அடிக்கலே மாமா. கேடாயிடுத்தா?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். கொடியிலிருந்த வேஷ்டி தலையில் விழுந்தது, எடுக்கவில்லை.

"நீ ஏம்மா பஸ்ஸிலே போகக் கூடாது?"

"நான் போயிட்டா மாமி தனியாப் போகணுமே."

கார் பார்க்கில் அந்த அரை மணி? இறக்கிவிட்ட பிறகு சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறாளாம். இவள் ஒருநாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்திருக்கிறாள்.

முடி இல்லாத ஒரு காதலன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மிதுனம் 8, ஞாயிறு

இடி. சசிக்குப் போன், காலையிலேயே.

"அந்தப் பீப்பைத் திரும்பப் போடணும்."

"சாமி, ஞாயிறாய்ச்ச! நாளைக்கு ஆபீஸ் திறந்தாத்தான். எதுக்கு? இப்பத்தானே மாத்தினோம்?"

சொன்னேன். 

"காரணம் எழுதிக் கொடுக்கணும் சாமி. உறக்கம்னு எழுதினா பிரீமியம் ஏறும். அது போகட்டும். நாளைக்கு எங்கேயாவது முட்டினா, கிளெய்ம் வரும்போ நம்ம எழுத்தையே நம்ம முன்னாடி வெப்பாங்க. ஆலோசிச்சு எழுதுங்கோ."

ஆலோசித்தேன். மத்தியானம் வரை ஆலோசனைதான். கடைசியில் கோமதியிடமே போனேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ வண்டி எடுக்க வேண்டாம்."

"ஏன்?"

"நீ தூங்கறே."

யார் சொன்னது என்று கேட்பாள், அஞ்சுவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அதைக் கேட்கவில்லை.

"நானா? எச் போட்ட கையோட மதிலை இடிச்சுட்டு வீட்டிலே உக்காந்தவர் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தராரா? மகளை ஸ்கூல்லேர்ந்து காலேஜ் வரைக்கும் கொண்டுபோய் விட்டது யாரு? உங்கப்பாவை அந்த மழையிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு?"

எல்லாம் அவள்தான். 

கார் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டேன். இன்னொரு சாவி அவள் பையிலேயே இருக்கிறது என்பது அப்புறம் ஞாபகம் வந்தது. கையை விட்டு இதை எடுப்பதற்குள் தரையெல்லாம் அரிசி.

தீர்மானம்: நாளை நானும் கூடவே போவது. சாக்கு, கழக்கூட்டத்தில் ஒரு நல்ல பல் டாக்டர். முன் சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

பேச வேண்டியவை (மறக்காமல்): பாயசக் கமிட்டி சண்டை. கா.த. (முழுப் பேர் எழுதினால் வம்பு) பெண்டாட்டிக்குத் தெரியாமல் வைத்திருக்கும் இரண்டாவது போன். காரியதரிசி டை அடித்துக் காது கறுத்தது. விழாவில் யார் யாருக்கு வேஷம் இல்லை, அதனால் யார் யாரோடு பேசவில்லை. இது தாங்கும், கழக்கூட்டம் வரை.

மிதுனம் 9, திங்கள்

 எழுத்து கோணல்.

கிளம்பும்போது தூறல். அஞ்சு பின் சீட்டில். நான் முன்னால். வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தேன். பழவங்காடி தாண்டும்போது பாயசக் கமிட்டி. ஈஞ்சக்கல்லில் காரியதரிசியின் காது. கோமதி சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். "பாவம், அவர் ஆம்படையாள் சொல்ல மாட்டாளா?" என்றுகூடக் கேட்டாள். தேவலை என்று நினைத்தேன். சாக்கை சிக்னலில் கா.த. வீட்டு விவகாரம். பச்சை விழுந்து வண்டி ஓட ஆரம்பித்ததும் பின்னால் அஞ்சுவுக்கு ஏதோ போன் வந்தது. அவளுக்குப் பேச இடைஞ்சல் வேண்டாமே என்று, மரியாதையாக, வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மரியாதைதான்.

வைப்பர் இப்படியும் அப்படியும். வண்டிக்குள் ஒரு கதகதப்பு. எனக்கே கண் இழுத்தது. பாலம் வந்தது தெரிந்தது. கைப்பிடி என் பக்கம் நெருங்கி நெருங்கி வருகிறதே, ரோடு வளைகிறதோ என்று பார்க்கிறேன், ரோடு நேராகத்தான் இருக்கிறது. திரும்பினேன். கோமதியின் தலை மார்பில். கை ஸ்டியரிங்கில். முகம் குழந்தை மாதிரி.

காமிரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் போடவில்லை. வாயைக் கட்டியவன் பக்கத்து சீட்டில்.

பின்னால் லாரி ஹார்ன். அஞ்சு கத்தினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கத்திலிருந்து தள்ளினேன். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று எப்படித் தெரிந்தது, தெரியாது. பக்கக் கண்ணாடி சிமென்டில் உரசிக்கொண்டு போய் மடங்கியது. கோமதி விழித்து, பிரேக்கை மிதிக்காமல், நல்லவேளை மிதிக்காமல், காலை எடுத்தாள். வண்டி பாலம் இறங்கி ஓரமாகப் போய் நின்றது. லாரிக்காரர் தாண்டும்போது எங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

 அஞ்சு அழுதாள். அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். "மாமியைத் திட்டாதீங்கோ மாமா" என்றாள் ஆட்டோவுக்குள்ளிருந்து.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"தூங்கினியா?"

"இல்லே."

"கோமு."

"பாலம் ஆரம்பிச்சது தெரியும். ஹார்ன் தெரியும். நடுவிலே தெரியலே."

 ஒரு கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

"ராத்திரி தூங்கறதில்லையா நீ?"

"நீங்க தூங்கறேளே, போதாதா?"

"என் குறட்டையா? காதிலே பஞ்சு வெச்சுக்கோயேன்."

"குறட்டை விட்டா நான் நிம்மதியாத் தூங்கிடுவேன்" என்றாள். "கல்யாணம் ஆனதிலேர்ந்து அதைக் கேட்டுண்டுதானே தூங்கறேன். இப்போ நடுவிலே நிறுத்திடறேள். மூச்சும் நின்னுடறது. நானும் மூச்சை அடக்கிண்டு கேட்டுண்டு கிடக்கேன். அப்புறம் தொண்டையிலே ஏதோ உடையற மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டுத் திரும்ப ஆரம்பிக்கும். மறுபடியும் நிக்கும். எது கடைசின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எழுப்ப வேண்டியதுதானே?"

"தினம் எழுப்பறேன். 'கொசு'ன்னு சொல்லிட்டுப் புரண்டு படுத்துக்கறேள்."

"என்கிட்டே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன விழாவிலே அதை நாடகத்திலே வெச்சுட்டேள்."

வைத்தேன். மூன்றாம் காட்சி. புருஷன் குறட்டை விட்டு நடுவில் நிறுத்துவான், பெண்டாட்டி மூக்குக்கு முன்னால் பஞ்சு பிடித்துப் பார்ப்பாள். நல்ல கைதட்டல். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். கோமதி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் அழுதாள். நானும். இரண்டு பேரும் மூக்கைத் துடைக்க ஒரே துண்டு.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு. சசி ஒரு டிரைவரோடு போய் எடுத்து வந்தான். மடங்கிய கண்ணாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காபிகூடக் கேட்கவில்லை.

மிதுனம் 10, செவ்வாய்

மழை. பல் நிஜமாகவே வலிக்கிறது. எனக்கு நன்றாக வேண்டும்.

கோமதி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டாள். அஞ்சுவின் அம்மாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் மோர் கொடுத்தாள். குடித்தேன். திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனிக்கு இரண்டாவது கடிதம். 'முன்பு எழுதியது தவறு. பழவங்காடியில் மூடியது பிரார்த்தனை. மற்ற இடங்களில் மூடியது தூக்கம். எச்சரிக்கையை உடனே திரும்ப இயக்கவும்.' நாலே வரி. எங்கேயாவது ஒரு நமைச்சலில் ஜோக் எட்டிப் பார்த்துவிடுமோ என்று மூன்று தரம் படித்தேன். இல்லை.

சசி: "பிரீமியம் ஏறும் சாமி. நேத்து உரசினதையும் சொல்லணும்."

"ஏறட்டும். சொல்லு."

காரியதரிசியிடம் முதல் கடிதத்தை வாசிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். காது இன்னும் கறுப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆச்சரியம்.

சாயங்காலம் காது மூக்கு தொண்டை டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தார். என்னை விட்டுவிட்டு கோமதியிடம்தான் எல்லாம் கேட்டார். எவ்வளவு நேரம் நிற்கும், எப்படித் திரும்பும், முகம் நீலமாகுமா. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. யோசிக்காமல் சொன்னாள். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாள், எல்லாம் நான் இல்லாதபோது நடந்தது. தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தூங்க வைத்துப் பார்க்க வேண்டுமாம். அநேகமாக மூக்கில் மாட்டிக்கொள்கிற மெஷின் வரும். அடுத்த வாரம்தான் இடம்.

"அது வரைக்கும்?" கோமதி கேட்டாள்.

"ஒருக்களிச்சுப் படுக்கட்டும். நீங்க வேறே ரூம்லே படுங்கோ, தூங்குங்கோ. வண்டி தொடவே கூடாது, கேட்டோ?"

வேறே ரூமா? என் மூச்சு கேட்காத இடத்தில் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வருமா? அதை டாக்டரிடம் சொல்லவில்லை. எனக்கே ஆட்டோவில்தான் தோன்றிற்று.

மிதுனம் 11, புதன்

வெளுத்த வானம். மழை இல்லை.

நேற்றும் அவள் தூங்கவில்லை. அடுத்த ரூமிலிருந்து வந்து வந்து நிலைப்படியில் நின்றிருக்கிறாள். காலையில் காபி போடும்போது சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடித்துவிட்டேன். அப்புறம் சொன்னேன்:

"நான் இப்போ தூங்கப் போறதில்லே. சாயங்காலம் வரைக்கும் முழிச்சிருப்பேன். நீ போய்ப் படு."

"நிஜமா முழிச்சிருப்பேளா?"

"சத்தியமா."

"கதவைச் சாத்த வேண்டாம். ஏதாவது பாத்திரத்தை உருட்டிண்டிருங்கோ. நீங்க இருக்கேள்னு காதிலே விழணும்."

டம்ளர்களை எல்லாம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். கொஞ்சம் பாடினேன், "பாட வேண்டாம்" என்று குரல் வந்தது. மறுபடி டம்ளர். அப்புறம் ஒரு குரலும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். தூக்கம். வாய் லேசாகத் திறந்து. அவளும் குறட்டை விடுகிறாள், சின்னதாக, பூனை மாதிரி. எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

நாற்காலியைக் கொண்டுவந்து கதவருகே போட்டுக்கொண்டேன். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நடுவில் சத்தம் நின்றது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். புரண்டு படுத்தாள், மறுபடி வந்தது. உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அஞ்சு ஆபீஸ் பையோடு வந்து ஜாடையாகக் கேட்டாள், மாமி எங்கே என்று. தூங்குகிறாள் என்று ஜாடை காட்டினேன். பஸ்ஸுக்குப் போய்விட்டாள், கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு. காலிங் பெல்லின் பேட்டரியைக் கழற்றியாயிற்று. கோமதியின் போனை அரிசி டின்னுக்குள் வைத்தேன், ஆபீஸ்காரர்கள் அரிசியோடு பேசிக்கொள்ளட்டும். கீரைக்காரி தெரு முனையில் குரல் கொடுத்தபோதே ஓடிப்போய் நிறுத்தினேன். "ஆரெங்கிலும் மரிச்சோ?" என்றாள் பயந்துபோய். யாரும் சாகவில்லை, தூங்குகிறாள் என்றேன். இரண்டு கட்டு முளைக்கீரை வாங்க வேண்டியதாயிற்று.

சசியிடமிருந்து மெசேஜ்: பீப் திரும்ப வந்தாச்சு. புதுப் பிரீமியமும் வந்திருக்கிறதாம், பார்க்கணுமா? அப்புறம் என்று போட்டேன்.

மத்தியானம் தாண்டிவிட்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பசியோடு எழுவாள். இட்லி வைத்துவிட்டேன், குக்கர் வேண்டாம், விசிலடிக்காத பழைய பாத்திரத்தில். சட்னிக்குத் தேங்காய் துருவியாயிற்று. மிக்ஸி போட்டால் தெருவே எழுந்துவிடும். வீட்டில் எங்கேயோ ஒரு அம்மி உண்டு. எங்கே என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

மிளகாய்ப்பொடி போதும்.